மூளையின் நீரும் முதியோரின் தாகமும்

நம் வீடுகளில் வயது முதிர்ந்தவர் ஒருவர் பேச்சில் தடுமாறினாலும், தெரிந்தவர் பெயரை மறந்தாலும், பட்டப்பகலில் சோர்ந்து படுத்தாலும், அதற்கு நாம் கூறும் சமாதானம் ஒன்றே. "வயதாகிவிட்டது" என்கிறோம். அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வைத்தியரை அழைப்பதில்லை, காலையிலிருந்து அவர் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்பதுமில்லை. வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டார் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். வயது எழுந்து வந்து மறுத்துரைக்கப் போவதில்லையாதலால், இத்தீர்ப்பு மேல்முறையீடின்றி நிலைத்துவிடுகிறது.

இத்தீர்ப்பு பல சமயங்களில் சரியாகவே இருக்கலாம். ஆனால் சில சமயங்களில் இது பெரும் பிழையாகும். அந்தச் சில சமயங்களில் ஓர் உயிரே அதற்கு விலையாகிவிடுகிறது. ஆரோக்கியமான மனிதர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள் சென்ற இருபது வருஷங்களுக்கு மேலாகக் கண்டு சொல்லிவரும் உண்மைகள் இதை நமக்குத் தெளிவாக்குகின்றன. மண்டையோட்டுக்குள் இருக்கும் நீரைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் பேசுவானேன் என்று தேச காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்கள் கேட்கக்கூடும். பொறுமையுடன் படித்து வருவாராயின், அந்நீர் ஒவ்வொரு நகரசபையின் வாசலிலும், ஒவ்வொரு கட்சியின் பந்தலிலும் வந்து நிற்பதை அவர்களே காண்பார்கள்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். மனித மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ளது. அதன் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீரேயாகும். இப்படிப்பட்ட மெல்லிய பொருள் எலும்புப் பெட்டிக்குள் வெறுமனே வைக்கப்பட்டிருந்தால் தன் பாரத்தாலேயே நசுங்கிப்போகும். ஆகையால் இயற்கை அதைத் தெளிந்த நீரில் மிதக்கவிட்டிருக்கிறது. மிதக்கும் நிலையில் அதன் பாரம் சுமார் 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இந்த நீரையே மூளைத் தண்டுவட நீர் என்கிறோம். நேபிள்ஸ் நகரத்து வைத்தியர் டொமேனிகோ கொட்டுன்யோ 1764-ம் வருஷத்தில் இதை விவரித்து எழுதினார்.

இந்த நீர் மூளைக்கு வெளியே மாத்திரம் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அவ்வறைகளின் சுவரில் தொங்கும் இரத்தக்குழாய்ப் பின்னல்கள் இரத்தத்திலிருந்து இந்நீரைச் சுரக்கின்றன. பருவமடைந்த ஒருவரிடம் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர் என்றும், ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர் என்றும் வைத்திய நூல்கள் கூறுகின்றன. அதாவது, இந்நீர் நாளொன்றுக்கு மூன்று தடவைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. தேங்கிய குட்டையன்று, ஓடும் வாய்க்கால்.

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், நீர் என்னும் மூன்றும் இருக்கின்றன. ஒன்று குறைந்தால் மற்றொன்று அவ்விடத்தை நிரப்பியே தீரவேண்டும். எடின்பரோவில் அலெக்ஸாண்டர் மன்ரோ 1783-லும், அவரைப் பின்பற்றி ஜார்ஜ் கெல்லி 1824-லும் நிலைநாட்டத் தொடங்கிய இத்தத்துவம் பின்னர் நீரையும் கணக்கில் சேர்த்துத் திருத்தம் பெற்று, இன்றளவும் வைத்தியர்களுக்கு வழிகாட்டியாக இருந்து வருகிறது. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

வயது ஏறும்போது என்ன நேர்கிறது? மூளை சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. முப்பத்தைந்து வயதைக் கடந்தபின் வருஷத்துக்குச் சுமார் 0.2 சதவீதமும், அறுபது வயதை எட்டும்போது வருஷத்துக்குச் சுமார் 0.5 சதவீதமும் குறைவதாகப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணித்திருக்கின்றனர். மூளை சுருங்கிய இடத்தை நீர் நிரப்புகிறது, உள்ளறைகள் பெரிதாகின்றன, மூளையின் மேற்பரப்பிலுள்ள மடிப்புகளின் இடைவெளி அகலுகிறது. இது வியாதியன்று. நோயின்றி, தெளிந்த புத்தியுடன், பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எழுபது வயதுக்காரரின் மூளையிலும் இம்மாறுதல் காணப்படும். தலைமயிர் நரைப்பது போன்றதே இதுவும்.

இனி, தண்ணீர் குடியாமையால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. செறிவு மிகுந்த இரத்தம் திசுக்களிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. மூளையும் இதற்கு விலக்கன்று. ஜெர்மனியிலுள்ள மூன்ஸ்டர் நகரத்து வைத்தியர்கள் 2005-ம் வருஷத்தில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஆரோக்கியமான மனிதர்களைப் பதினாறு மணி நேரம் தண்ணீரின்றி இருக்கச்செய்து எம்.ஆர்.ஐ. படமெடுத்தபோது, அவர்களுடைய மூளையின் பருமன் சராசரியாக 0.55 சதவீதம் குறைந்திருந்தது. தண்ணீர் குடித்தபின் எடுத்த படத்தில் அது 0.72 சதவீதம் ஏறியிருந்தது.

இவ்விரண்டு கணக்குகளையும் வாசகர்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். முதியவர் ஒருவரின் மூளை ஒரு வருஷத்தில் சுருங்கும் அளவும், தண்ணீரின்றிக் கழிந்த ஓர் இரவும் ஒரு முற்பகலும் சுருக்கும் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன!

ஆயினும் இவ்விடத்தில் அவசரப்படலாகாது. அளவு ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று கொள்வது பெரும் பிழை. வயதினால் ஏற்படும் சுருக்கம் திரும்பி வருவதில்லை. தாகத்தினால் ஏற்படும் சுருக்கம் ஒரு செம்பு தண்ணீரில் திரும்பிவிடுகிறது. தண்ணீர் குடியாதவருக்கு மூளை முதிர்ந்துவிடும் என்றோ, தண்ணீர் நிறையக் குடித்தால் முதுமை அணுகாதென்றோ இப்பரிசோதனை கூறவில்லை. அப்படிக் கூறிப் புட்டிகளில் தண்ணீரை அடைத்து விற்கும் வியாபாரிகளிடம் மகாஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் 11,255 பேரின் உடல்நிலையைப் பல்லாண்டுகள் தொடர்ந்த விவரங்களை ஆராய்ந்து 2023-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இரத்தத்தில் சோடியம் சற்று உயர்ந்திருந்தவர்களுக்கு நாட்பட்ட நோய்களும், வயதை மிஞ்சிய மூப்பின் அடையாளங்களும் அதிகம் காணப்பட்டன என்று அது கூறுகிறது. இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்பதே அதனால் தெரிகிறது. ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்பது அதனால் நிரூபணமாகிவிடவில்லை.

லண்டன் மாநகரில் நடந்த மற்றொரு பரிசோதனையும் கவனிக்கத் தக்கது. 2011-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில் இளைஞர் பத்துப் பேரை ஒன்றரை மணி நேரம் வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்வித்து, பிறகு படமெடுத்தனர். யாருக்கு உடலெடை அதிகம் குறைந்ததோ அவருடைய மூளையின் உள்ளறைகள் அதிகம் விரிந்திருந்தன. அவர்களுக்கு யோசித்துத் தீர்க்கவேண்டிய ஒரு புதிரும் கொடுக்கப்பட்டது. விடைகளில் குறைவில்லை, ஆனால் அவ்விடைகளைக் காண அவர்களுடைய மூளை வழக்கத்தைவிட அதிகமாக உழைத்தது. வற்றிய கிணற்றில் நீளக் கயிறு விட்டு நீர் மொண்டது போல், அதே வேலைக்கு அதிகப் பிரயாசை வேண்டியிருந்தது. இளைஞனிடம் அதிகப்படி உழைப்புக்குச் சக்தி மிச்சமிருக்கிறது. எண்பது வயதுப் பாட்டியிடம் அவ்வளவு மிச்சம் எங்கே இருக்கிறது? இக்கேள்வியே இவ்விஷயத்தின் உயிர்நிலையாகும்.

இவற்றால் வைத்திய உலகுக்கு ஏற்படும் கடமை ஒன்று உண்டு. ஒருவருடைய மூளை சுருங்கி வருகிறதா என்று அறிய இரண்டு படங்களை ஒப்பிடும்போது, இரண்டு தினங்களிலும் அவர் ஒரே அளவு நீர் அருந்தியிருந்தாரா என்று விசாரிப்பது அவசியம். காலையில் எடுத்த படத்துக்கும் மாலையில் எடுத்த படத்துக்குமே சிறு வித்தியாசம் உண்டென்று வேறு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. விரதமிருந்தோ, வெயிலில் நெடுந்தூரம் பஸ் பிரயாணம் செய்தோ வந்து படமெடுத்துக்கொண்ட ஏழைக் கிழவர் ஒருவருக்கு "மூளை சுருங்குகிறது" என்று எழுதிக்கொடுக்கும் சீட்டு, அவருடைய குடும்பத்தையே நிலைகுலையச் செய்யக்கூடியது.

விரிந்த அறைகளெல்லாம் முதுமையினால் விரிந்தவையும் அல்ல. கொலம்பியா தேசத்து வைத்தியர் சாலமோன் ஹக்கீமும், அமெரிக்க வைத்தியர் ரேமண்ட் ஆடம்ஸும் அவர்தம் சகாக்களும் 1965-ல் ஒரு நோயை விவரித்தனர். மூளையறைகளில் நீர் மிகுந்து, நடை தள்ளாடி, ஞாபகம் மங்கி, சிறுநீரை அடக்கும் சக்தியும் தளர்ந்து போகும். பார்ப்பவர் யாவரும் முதுமை என்றே நினைப்பர். ஆனால் மிகுந்த நீரை மெல்லிய குழாய் வழியாக வடியச்செய்தால் இவர்களில் பலர் மீண்டும் நடக்கின்றனர். இதேபோல், மூளை சுருங்கி இடைவெளி அகன்ற முதியவருக்குத் தலையில் சிறு அடி பட்டாலும் மெல்லிய இரத்தநாளம் அறுந்து, சில வாரங்கள் கழித்து மயக்கமும் குழப்பமும் தோன்றுவதுண்டு. இதற்கும் சிகிச்சை உண்டு. "வயதாகிவிட்டது" என்று கூறி வீட்டிலேயே வைத்திருந்தவர்களுக்குத்தான் சிகிச்சை இல்லை.

மூளையின் நீர் அங்குள்ள கழிவுகளை அடித்துச் செல்லும் விதம் பற்றியும் தற்காலத்தில் பலமான ஆராய்ச்சி நடைபெறுகிறது. இரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள இடுக்குகளின் வழியே இந்நீர் மூளைக்குள் பாய்கிறதென்று 2012-லும், தூக்கத்தில் இப்பாய்ச்சல் மிகுகிறதென்று 2013-லும் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் சர்வகலாசாலையார் எலிகளிடம் கண்டு கூறினர். 2024-ல் வேறொரு குழுவினர் தூக்கத்தில் கழிவு நீங்குவது குறைகிறதென்று கூறி மறுத்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கை முடிந்த தீர்ப்பாக மேடைகளில் முழங்குவது விஞ்ஞானத்துக்குச் செய்யும் உபகாரமாகாது.

ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. முதியவருக்குத் தண்ணீர் தேவையாயிருக்கும் நேரத்தில் தாகம் எடுப்பதில்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் செய்யப்பட்டு 1984-ல் வெளிவந்த பரிசோதனை இதை ஐயமற விளக்கியது. 67 முதல் 75 வயதுவரை உள்ள ஆரோக்கியமான ஆடவர் எழுவரும், 20 முதல் 31 வயதுவரை உள்ள இளைஞர் எழுவரும் இருபத்துநான்கு மணி நேரம் தண்ணீரின்றி இருந்தனர். முதியோரின் இரத்தத்தில் உப்புச் செறிவு இளைஞரைவிட அதிகம் ஏறிற்று. ஆயினும் அவர்களுக்குத் தாகம் குறைவாகவே தோன்றியது. தண்ணீரை முன்னே வைத்தபோதும் அவர்கள் இளைஞரைவிடக் குறைவாகவே குடித்தனர். நோயாளிகளல்லர், நல்ல தேகதிடமுள்ளவர்களே அவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

இதனுடன் வேறு காரணங்களும் சேருகின்றன. முதுமையில் சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறமையை இழந்து வருகிறது. உடம்பில் மொத்த நீரின் பங்கும் இளமையில் இருந்ததைவிடக் குறைகிறது. இரத்த அழுத்தத்துக்காகப் பலர் உட்கொள்ளும் மாத்திரைகளில் சில சிறுநீரைப் பெருக்கும் தன்மையுள்ளவை. ஆக, செலவு கூடி, சேமிப்பு குறைந்து, தேவையை அறிவிக்கும் மணியும் பழுதடைந்து நிற்கும் வேளையில், "தாகமெடுத்தால் கேட்கமாட்டாரா?" என்று நாம் இருந்துவிடுகிறோம். கேட்கமாட்டார். கேட்கத் தோன்றாது என்பதே அவருடைய குறைபாடு.

தோன்றினாலும் கேளாதிருப்போர் உண்டு. இதைச் சொல்லவும் நாம் கூசப்போவதில்லை. முழங்கால் வலியுடன் கழிப்பறைக்கு நடக்க அஞ்சி, இரவில் யாரையும் எழுப்பக்கூடாதென்று எண்ணி, மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு மிடறும் குடியாத தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! சந்தையில் கீரை விற்கும் கிழவி விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டால் பொழுது சாய்ந்தபின் திரும்புகிறாள். இடையில் ஒதுங்க இடமில்லை. ஆகையால் தண்ணீரும் இல்லை. பிறருக்குப் பாரமாக இருக்கலாகாதென்னும் அவர்களுடைய நாணமும் பெருந்தன்மையுமே அவர்களை வாட்டுகின்றன. சுத்தமான கழிப்பிடம் இல்லாத இடத்தில் வைக்கப்படும் தண்ணீர்ப் பானை பாதி உபகாரமே என்பதை நகரசபை அங்கத்தினர்கள் உணர வேண்டும்.

இனி இது எவ்வளவு பெரிய விபத்தாக முடியக்கூடும் என்பதைச் சரித்திரத்திலிருந்தே காட்டுவோம். 2003-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரான்ஸ் தேசத்தைக் கடும் வெப்பம் தாக்கிற்று. சில வாரங்களில் சுமார் 15,000 பேர் வழக்கத்துக்கு அதிகமாக மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். செல்வமும் வைத்தியசாலைகளும் நிறைந்த தேசம் அது. குழாயில் தண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது விடுமுறைக் காலம். பலருடைய உறவினர் ஊரில் இல்லை. வைத்தியசாலைகளிலும் ஆட்கள் குறைவு. வெப்பத்தில் தனியே கிடந்த முதியோரிடம் "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்க ஆளில்லாமற் போயிற்று.

அந்தத் தேசம் அத்துடன் கண்ணீர் விட்டுவிட்டு இருந்துவிடவில்லை. ஊழியர் யாவரும் வருஷத்தில் ஒரு நாள் அதிகப்படியாக உழைத்து அதன் பலனை முதியோர், அங்கவீனர் நலத்துக்கு அளிக்கவேண்டுமென்று 2004-ல் சட்டம் செய்தது. தனித்திருக்கும் முதியோரின் பெயர்களைப் பதிவு செய்து வைத்து, வெப்ப அபாய நாட்களில் அவர்களை விசாரிக்கும் பொறுப்பும் நகரசபைகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. வெட்கத்தைச் சட்டமாக மாற்றிக்கொண்ட இச்செயலை நாம் பாராட்டுகிறோம்.

நம் பாரத தேசத்திலும் படிப்பினை இல்லாமலில்லை. 2010-ம் வருஷம் மே மாதத்தில் ஆமதாபாத் நகரில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியபோது, அம்மாதத்தில் சாதாரணமாக நிகழ்வதைவிட 1,344 மரணங்கள் அதிகமாக நிகழ்ந்தன என்று கணக்கிடப்பட்டது. அந்நகரசபை 2013-ல் வெப்பத்தை எதிர்க்கும் திட்டம் ஒன்றை வகுத்துப் பிற நகரங்களுக்கு வழிகாட்டிற்று. தமிழக சர்க்காரும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்திருக்கிறது. அறிவிப்பு நல்லதே. ஆனால் இறந்தபின் குடும்பத்துக்கு அளிக்கும் உதவித்தொகையைவிட, இறவாமல் இருக்க நீட்டும் ஒரு டம்ளர் மோர் மலிவானது என்பதைச் சர்க்கார் அதிகாரிகளுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயமன்று. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இந்தியா முழுவதிலும் அறுபது வயதை எட்டியவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். அதற்குப் பின் இவ்விகிதம் ஏறியே இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெற்றோர் கிராமத்து வீட்டில் தனித்திருப்பது இன்று சாதாரணக் காட்சியாகிவிட்டது. மாதந்தோறும் பணம் வருகிறது. ஆனால் பணம் தண்ணீரை மொண்டு கொடுப்பதில்லை.

இவ்விடத்தில் நமது ஊழியர்களை நோக்கியே பேச விரும்புகிறோம். கோடை தொடங்கியதும் தமிழ்நாட்டில் கட்சிகள் யாவும் போட்டியிட்டுத் தண்ணீர்ப் பந்தல் திறக்கின்றன. நீர்மோரும் தர்ப்பூசணியும் வழங்கப்படுகின்றன. வழிப்போக்கருக்குத் தண்ணீர் வார்ப்பது நம் முன்னோர் பெரும் தர்மமாகப் போற்றிய செயல். அதைக் கட்சிகள் கைக்கொண்டது குறித்து நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் திறப்பு விழாவன்று தலைவரும் படம் பிடிப்போரும் சூழ நிறைந்திருந்த பானை, பத்தாம் நாளில் கவிழ்ந்து கிடப்பதையும் நாம் பல தெருமுனைகளில் பார்க்கிறோம். கொடி மட்டும் பறக்கிறது. சித்திரை முழுவதும் பானை நிறைந்திருப்பதற்குப் பொறுப்பேற்காதவர் பங்குனியில் பந்தல் போட வேண்டாம் என்றே கூறுவோம்.

மேலும், பந்தலுக்கு வரக்கூடியவர் காலில் பலமுள்ளவரே. யாருக்குத் தண்ணீர் மிகவும் அவசியமோ அவர் வீட்டுத் திண்ணையிலோ கட்டிலிலோ கிடக்கிறார். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று எண்ணிச் சொல்லும் திறமை நமது வட்டச் செயலாளர்களுக்கு உண்டு. எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தேர்தலன்று அவரை வண்டியில் ஏற்றி அழைத்துச் செல்பவர்களே அவர்கள்தாம். அப்பட்டியலைக் கோடையில் தூசி தட்டி எடுத்து, அக்கினி நட்சத்திர நாட்களில் தினம் ஒருமுறை அவ்வீட்டுக் கதவைத் தட்டக்கூடாதா? பிரான்ஸ் தேசத்து நகரசபை செய்வதைத் தமிழ்நாட்டுத் தொண்டர் படை செய்ய முடியாதென்று நாம் நம்பவில்லை.

பொதுக்கூட்டங்களிலும் இதே கவனம் வேண்டும். தலைவர் மாலையில் வருவதற்கு மத்தியானமே முதியோரை லாரியில் கொண்டுவந்து வெட்ட வெளியில் உட்கார்த்தி வைக்கும் வழக்கம் ஒழியவேண்டும். நிழலும், குடிநீரும், மறைவான கழிப்பிடமும் இல்லாத கூட்டம், பேசப்படும் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், மக்களுக்கு இழைக்கும் தீங்கேயாகும்.

தொழிலாளர் விஷயத்தில் நம் சட்டம் இதை முன்பே உணர்ந்திருந்தது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், எல்லாத் தொழிற்சாலைகளிலும் நல்ல குடிநீர் வைக்கவேண்டுமென்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் கோடையில் அந்நீர் குளிர்ந்ததாக இருக்கவேண்டுமென்றும் விதித்தது. ஆனால் இன்று அறுபது வயதைக் கடந்தும் உழைப்பவர் பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் இல்லை. அவர் அடுக்குமாடி வீட்டு வாசலில் காவலராக நிற்கிறார். கட்டடங்களில் கல் சுமக்கிறார். தெருவில் பழம் விற்கிறார். அவ்வாசல்களிலும் தெருக்களிலும் சட்டத்தின் கை எட்டுவதில்லை. ஆகையால் அங்கு குடியிருப்போரின் மனச்சாட்சி எட்டவேண்டும்.

தண்ணீருக்கே பஞ்சமான நாட்டில் மூளையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 2019-ம் வருஷத்துக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் நான்கு பெரிய ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது பட்ட பாட்டை நாமும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சேபமே நமது கட்சியைப் பலப்படுத்துகிறது. குடத்தை எண்ணி வாங்கும் வீட்டில், கேளாதவருக்கே பங்கு முதலில் குறைகிறது. கேளாதவர் யார் என்பதை மேலே விளக்கியிருக்கிறோம்.

எவ்வளவு குடிக்கவேண்டும் என்று கேட்போருக்குச் சொல்லுகிறோம். முதிய பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டருக்கும், முதிய ஆண்களுக்கு 2 லிட்டருக்கும் குறையாமல் பானங்களை அளிக்கவேண்டுமென்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வைத்தியர்களின் சங்கம் வகுத்துள்ள வழிமுறை. தண்ணீர் மாத்திரமன்று, மோர், கஞ்சி, ரசம், இளநீர், காப்பி, தேநீர் யாவும் இக்கணக்கில் சேரும். உஷ்ணப் பிரதேசத்தில் கோடையில் தேவை இன்னும் கூடும். ஆனால் இருதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் வைத்தியர் விதித்த அளவை மீறக்கூடாது. நீர் மிதமிஞ்சினாலும் இரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளை வீங்கி ஆபத்து உண்டாகும். குறைவால் சுருங்கும் மூளை மிகையால் வீங்கவும் செய்யும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

தோலைக் கிள்ளிப் பார்த்தோ, நாக்கு உலர்ந்ததா என்று நோக்கியோ முதியவரின் நீர்க்குறைவைக் கண்டுபிடித்துவிட முடியாதென்றும் அச்சங்கத்தார் எச்சரிக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையே நம்பத்தக்கது. எனவே அடையாளங்களுக்காகக் காத்திராமல், வேளை வைத்துக் கொடுப்பதே உத்தமம். நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரென்று முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால், அதை வயதின் கணக்கில் எழுதாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். முதுமை ஒரே இரவில் வருவதில்லை.

2019-ல் கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில், பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கும் வழக்கம் தொடங்கியது. அழகான ஏற்பாடு. பிள்ளைகளோ தாகமெடுத்தால் கூவிக் கேட்கும் சக்தியுள்ளவர்கள். அவர்களுக்கே மணி வேண்டுமென்றால், தாகமே எடுக்காத தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மணி அடிப்பவர் யார்? வீட்டில் மகனும் மகளும் மருமகளும் அடிக்கவேண்டும். தனித்திருப்பவருக்கு அண்டை வீட்டாரும் தொண்டரும் அடிக்கவேண்டும். தெருவில் உழைப்பவருக்கு நகரசபை அடிக்கவேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. புதிய இலாகா வேண்டுவதில்லை. மசோதாக்கூட உடனடியாக வேண்டுவதில்லை. ஒவ்வொரு வட்டத்திலும் தனித்திருக்கும் முதியோர் பெயர்ப் பட்டியல் ஒன்று, அவர்களை நாள்தோறும் விசாரிக்கும் இளைஞர் பத்துப் பேர், சந்தையிலும் பஸ் நிலையத்திலும் பூட்டப்படாத கழிப்பிடம், கோடை முடியும்வரை காலியாகாத பானை ஆகிய நான்கையும் வருகிற பங்குனிக்குள் ஏற்படுத்துமாறு எல்லாக் கட்சி ஊழியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். யாருடைய ஆட்சி நல்லாட்சி என்ற விவாதத்தை மேடைகளில் தாராளமாக நடத்தட்டும். நம் நகரின் கிழவர் ஒருவர் தண்ணீர் கேட்க நினைவில்லாமல் மடியாதிருக்கும் ஆட்சியே நல்லாட்சி என்பது நமது அளவுகோல்.